மீட்டரில் 96, ஆனாலும் அப்பா கண் திறக்கவில்லை

பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி ஒருவர் நீண்ட கடிதம் அனுப்பியிருக்கிறார். அதன் சுருக்கம்:

அவருடைய அப்பாவுக்கு 69 வயது. நீண்ட காலப் புகைப்பழக்கத்தால் வந்த சி.ஓ.பி.டி., அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். சிகரெட்டை விட்டு ஆறு வருடம் ஆகிறது. ஒரு வருடமாக வீட்டில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் ஓடுகிறது. மருத்துவர் சொன்ன அளவு நிமிடத்துக்கு 1 லிட்டர். இரண்டு மாதத்துக்கு முன் சளியும் இருமலும் கூடியபோது, விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 88, 89 என்று காட்டியிருக்கிறது. பயந்துபோன மகள் ஆக்சிஜனை 5 லிட்டருக்கு ஏற்றியதும் 97 வந்தது. இரவில் தூக்கமில்லாமல் இருமிக்கொண்டிருந்தவர் அசந்து தூங்கினார். காலையில் தலைவலி என்றார், கை நடுங்கியது, பேச்சு குழறியது, மறுபடி கண் அயர்ந்துவிட்டார். மீட்டரில் 96 இருந்ததால் 'நிம்மதியாகத் தூங்கட்டும்' என்று விட்டுவிட்டார்கள். மாலையில் எழுப்பியபோது அவர் எழவில்லை.

மருத்துவமனையில் தமனி ரத்தத்தைச் சோதித்தபோது கரியமில வாயு 82 மி.மீ., ரத்தம் அமிலமாகியிருப்பதைக் காட்டும் பி.எச். 7.24. அவர்கள் முதலில் செய்த காரியம் ஆக்சிஜனைக் குறைத்தது. பிறகு பைபாப் மாஸ்க், அதாவது காற்றை அழுத்தத்தோடு உள்ளே தள்ளி மூச்சுக்கு உதவும் இயந்திரத்தின் மாஸ்க் போட்டார்கள். 'எண் 90தான் இருக்கிறது, ஏன் ஏற்ற மறுக்கிறீர்கள்?' என்று தம்பி சண்டையே போட்டிருக்கிறார். ஐ.சி.யூ.வில், மாஸ்க்கைக் கழற்றிய இடைவேளைகளில், மூக்கில் ஒரு மெல்லிய குழாயை வைத்து இன்னொரு திரையில் அலைகளாக ஓடவிட்டார்கள். அதில் கரியமில வாயு 46. அதே நேரத்தில் எடுத்த ரத்தத்தில் 64. அப்பா பிழைத்து வீடு திரும்பிவிட்டார். இரவில் மட்டும் பைபாப்.

இப்போது வாசகியின் கேள்விகள்: வீட்டிலிருந்த மீட்டர் பழுதா? ஆக்சிஜனைக் குறைத்தது அலட்சியமா, புகார் கொடுக்கலாமா? 46க்கும் 64க்கும் இடையே இவ்வளவு வித்தியாசம் என்றால் மருத்துவமனைக் கருவியை எப்படி நம்புவது? அந்த அலைத் திரைக் கருவி இணையத்தில் பழையதாகக் கிடைக்கிறது, வாங்கி வைக்கலாமா? இரவில் மாஸ்க்கை அப்பா பிடுங்கிப் போட்டுவிடுகிறார், என்ன செய்வது? கடைசியில் ஒரு வரி: "அப்பாவை அந்த நிலைக்குத் தள்ளியது நான்தானா?"

அன்புச் சகோதரிக்கு,

அந்தக் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் மற்றவற்றை நீங்கள் நிதானமாகப் படிக்க மாட்டீர்கள். ஆக்சிஜனை ஏற்றியதற்கு அதில் பங்கு உண்டு. மழுப்பிச் சொன்னால் அடுத்த முறையும் இதுவே நடக்கும் என்பதால் நேராகவே சொல்கிறேன். ஆனால் நெஞ்சில் தொற்று வந்து, மூச்சுத் தசைகள் களைத்துப்போயிருந்த மனிதர் அவர். ஆக்சிஜனைத் தொடாமல் இருந்திருந்தாலும் கரியமில வாயு ஏறியிருக்கக்கூடும். எண் குறைந்தால் ஆக்சிஜனை ஏற்றுவது யாருக்கும் இயல்பாகத் தோன்றும் செயல். கான்சன்ட்ரேட்டரை வீட்டுக்கு அனுப்பிய நாளில் 'இந்த அளவைத் தாண்டக்கூடாது, தாண்டினால் இது ஆகும்' என்று யாரும் உங்களிடம் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பெரிய ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

மீட்டர் பார்ப்பது பாதியை

மூச்சுக்கு இரண்டு வேலை. ஆக்சிஜனை உள்ளே கொண்டுவருவது ஒன்று, உடலில் உருவாகும் கரியமில வாயுவை வெளியே தள்ளுவது இன்னொன்று. பல்ஸ் ஆக்ஸிமீட்டர் முதல் வேலையை மட்டுமே பார்க்கிறது. 1970களின் தொடக்கத்தில் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி கண்டறிந்த முறைதான் இன்றும் அதற்கு அடிப்படை. 660 நானோமீட்டர் அளவில் ஒரு சிவப்பு ஒளி, 940 அளவில் ஓர் அகச்சிவப்பு ஒளி, இரண்டையும் விரல் வழியே செலுத்தி, நாடித்துடிப்போடு சேர்ந்து ஏறி இறங்கும் பங்கை மட்டும் பிரித்தெடுத்து, ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனைச் சுமக்கிறது என்று கணக்குப் போடுகிறது. கரியமில வாயு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை அந்த ஒளிகளால் அறியவே முடியாது. உங்கள் மீட்டர் பழுதில்லை. அன்று காலை அது காட்டிய 96 சரியான எண்ணாகவே இருந்திருக்கும்.

வெறும் காற்றைச் சுவாசிக்கும் ஒருவருக்கு இந்த மீட்டர் மறைமுகமாகவாவது எச்சரிக்கும். கூடுதல் ஆக்சிஜன் ஓடத் தொடங்கியதும் அந்த எச்சரிக்கை போய்விடுகிறது. ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். கணக்கு பிடிக்காதவர்கள் அடுத்த பத்திக்குத் தாவிவிடலாம். கடல் மட்டத்தில், 21 சதவீத ஆக்சிஜன் உள்ள காற்று ஈரமாகி நுரையீரலை எட்டும்போது அதில் ஆக்சிஜனின் அழுத்தம் ஏறக்குறைய 150 மி.மீ. பாதரசம். காற்று நுண்ணறைக்குள் போனதும், அங்குள்ள கரியமில வாயுவைப் போல ஒன்றேகால் மடங்கு அதிலிருந்து குறையும். கரியமில வாயு 40 என்றால் 50 போய் 100 மிஞ்சும். அதுவே 80 என்றால் 100 போய் 50தான் மிஞ்சும். அந்த நிலையில் மீட்டர் 80களுக்குச் சரிந்து எல்லோரையும் உலுக்கிவிடும். இப்போது 2 லிட்டர் ஆக்சிஜன் ஓடுகிறது என்று வையுங்கள். மூச்சுக் காற்றில் ஆக்சிஜன் 28 சதவீதம் அளவுக்கு வந்து, தொடக்க அழுத்தமே 200 ஆகிவிடும். கரியமில வாயு 80 ஆனாலும் 100 மிஞ்சும். நல்ல நுரையீரலாக இருந்தால் மீட்டர் 97 காட்டும். மனிதர் மயக்கத்தில் இருப்பார், எண் அழகாக இருக்கும். அப்பாவின் நுரையீரல் பழுதுபட்டது என்பதால் அவருக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தா. ஆனால் 5 லிட்டர் ஓடும்போது அந்தக் குறையும் மூடிப்போகும்.

ஆக்சிஜன் கூடினால் கரியமில வாயு ஏன் ஏற வேண்டும்? 'மூச்சு விடத் தூண்டும் உணர்வு அடங்கிவிடுகிறது' என்று பொதுவாகச் சொல்வார்கள். அதுவும் உண்டு, ஆனால் அது ஒரு பங்குதான். சி.ஓ.பி.டி. நுரையீரலில் காற்று சரியாகப் போகாத மூலைகளுக்கு ரத்தம் போவதை உடலே குறைத்துவைக்கும். அங்குள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்ளும். ஆக்சிஜனைக் கொட்டும்போது அவை மறுபடி விரிந்து, கரியமில வாயுவை வெளியேற்ற முடியாத இடங்களுக்கு ரத்தம் திரும்பிவிடுகிறது. நன்றாக வேலை செய்யும் பகுதிகளுக்கு ரத்தம் குறைகிறது. இதோடு, ஆக்சிஜன் நிறைந்த ஹீமோகுளோபினால் கரியமில வாயுவைச் சுமக்கும் திறனும் குறைவு. மூன்றும் சேர்ந்துதான் அப்பாவின் எண்ணை 82க்குக் கொண்டுபோயின.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி இன்னொன்று: "கை வெதுவெதுப்பாக இருந்தது, முகத்தில் ரத்த ஓட்டம் தெரிந்தது, அதனால் தேறிவிட்டார் என்று நினைத்தோம்." கரியமில வாயு ஏறும்போது ரத்தக் குழாய்கள் விரிந்து இந்தத் தோற்றத்தைத் தரும். காலைத் தலைவலியும் அதனால்தான். கை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு படபடவென்று தாழ்ந்து எழும் நடுக்கமும் இதே குழுவைச் சேர்ந்தது. இனி இவை கண்ணில் பட்டால், மீட்டரில் என்ன இருந்தாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

குறைத்தது அலட்சியம் அல்ல

தம்பியின் கோபம் எனக்குப் புரிகிறது. மூச்சுத் திணறுபவருக்கு ஆக்சிஜனைக் குறைப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க யாருக்கு மனம் வரும்? ஆனாலும் அவர்கள் செய்தது சரி. கரியமில வாயு தேங்கும் அபாயம் உள்ளவர்களுக்கு 88 முதல் 92 சதவீதம் என்பதை இலக்காக வைக்கும்படி பிரிட்டிஷ் தொராசிக் சொசைட்டி 2008லேயே வழிகாட்டுதல் வெளியிட்டது; 2017இல் அதைப் புதுப்பித்தபோதும் இந்த இலக்கு மாறவில்லை. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸில் ஏற்றப்பட்ட 405 பேரிடம் நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. சி.ஓ.பி.டி. தீவிரமாகியிருக்கலாம் என்று கருதப்பட்ட அவர்களில் ஒரு சாராருக்கு வழக்கம்போல அதிக ஆக்சிஜன். மறுசாராருக்கு 88–92க்குள் நிற்கும்படி அளந்து கொடுத்த ஆக்சிஜன். முதல் சாராரில் 9 சதவீதம் பேர் இறந்தார்கள், அளந்து கொடுத்த சாராரில் 4 சதவீதம். ஆக்சிஜனும் டோஸ் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்துதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இங்கே ஒரு தவறான முடிவுக்கு நீங்கள் வந்துவிடக்கூடாது. 'ஆக்சிஜன் ஆபத்து, அதை நிறுத்திவிடலாம்' என்று கான்சன்ட்ரேட்டரை அணைத்துவிடாதீர்கள். உடலில் சேர்ந்த கரியமில வாயு சட்டென்று வெளியேறாது. ஆக்சிஜனைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த ஆக்சிஜன் முன்பிருந்ததைவிடவும் கீழே விழும். படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். தவிர, ஆக்சிஜன் உண்மையிலேயே குறைந்திருக்கும் சி.ஓ.பி.டி. நோயாளிகளுக்கு நாளில் 15 மணி நேரத்துக்குக் குறையாமல் கொடுப்பது ஆயுளைக் கூட்டுகிறது என்று 1980, 1981ஆம் ஆண்டுகளில் வந்த இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டிவிட்டன. அப்பாவுக்கு எழுதிக்கொடுத்த 1 லிட்டர் அந்தக் கணக்கில்தான். இன்னொன்று, 88–92 என்பது எல்லோருக்குமான இலக்கு இல்லை. நுரையீரல் நோய் இல்லாத உங்களுக்கோ தம்பிக்கோ நிமோனியா வந்தால் இலக்கு 94–98. அப்பாவின் எண்ணை மற்றவர்கள் தலையில் கட்டிவிட வேண்டாம்.

புகார் விஷயத்துக்கு வருகிறேன். நான் வழக்கறிஞன் இல்லை. மருத்துவ அலட்சியம் என்று நிலைநாட்ட, ஏற்றுக்கொள்ளப்பட்ட சிகிச்சை முறையிலிருந்து விலகினார்கள் என்பதையும், அந்த விலகலால் தீங்கு நேர்ந்தது என்பதையும் காட்டவேண்டியிருக்கும் என்ற அளவுக்குத் தெரியும். ஐ.சி.யூ.வில் நடந்ததாக நீங்கள் எழுதியிருப்பதில் எனக்கு அப்படி எதுவும் தென்படவில்லை. தம்பி அதில் நேரத்தையும் பணத்தையும் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. எழுத வேண்டியது வேறொரு கடிதம். கான்சன்ட்ரேட்டரைப் பரிந்துரைத்த இடத்துக்கு, இலக்கு அளவும் உச்ச வரம்பும் அபாய அறிகுறிகளும் எழுத்தில் தரப்படவில்லை, அதனால் இப்படி ஆனது, இனி வரும் குடும்பங்களுக்குத் தாருங்கள் என்று நிதானமாக எழுதுங்கள். பெரும்பாலான இடங்களில் இது வழக்கைவிடப் பலன் தரும். அப்பாவின் சம்மதத்தோடு டிஸ்சார்ஜ் சம்மரி, எல்லா ரத்த வாயு அறிக்கைகள், பைபாப்பில் வைத்த அழுத்த அளவுகள் ஆகியவற்றின் நகல்களையும் கேட்டு வாங்கிவிடுங்கள். அடுத்த முறை நடு இரவில் வேறொரு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், புதிய மருத்துவர் முதலில் கேட்பது 'வழக்கமாக இவருக்குக் கரியமில வாயு எவ்வளவு இருக்கும்?' என்பதைத்தான்.

46ஆ, 64ஆ?

இரண்டும் சரி. இரண்டும் வெவ்வேறு இடத்தில் அளந்தவை.

நீங்கள் பார்த்த அலைத் திரையின் பெயர் கேப்னோகிராஃப். கரியமில வாயு 4.3 மைக்ரோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சும். வெளிவிடும் மூச்சில் கொஞ்சத்தைக் குழாய் வழியே இழுத்து, அந்தக் கதிர் எவ்வளவு மறைகிறது என்று பார்த்துக் கருவி எண் சொல்கிறது. மூச்சு முடியும் இடத்தில் கிடைக்கும் உச்ச அளவுதான் திரையில் வரும் எண். ஆரோக்கியமானவருக்கு அது 35 முதல் 45 மி.மீ.; தமனி ரத்தத்தில் இருப்பதைவிட 2 முதல் 5 வரைதான் குறைவாக இருக்கும்.

அப்பாவுக்கு அந்த இடைவெளி 18 ஆக விரிந்ததற்கு நோய்தான் முக்கியக் காரணம். நுரையீரலின் சில பகுதிகளுக்குக் காற்று போகிறது, ரத்தம் போதவில்லை. அங்கிருந்து வெளிவரும் காற்றில் கரியமில வாயு சொற்பம். அது மற்றதோடு கலந்து மொத்த எண்ணைக் கீழே இழுக்கிறது. அடைபட்ட பகுதிகளோ மெதுவாகக் காலியாகும். அவை முழுதும் காலியாவதற்குள் அடுத்த மூச்சு தொடங்கிவிடும். அலை மேடை போலத் தட்டையாக இல்லாமல் சரிவாக ஏறிக்கொண்டே போனதைக் கவனித்திருப்பீர்கள். சுறாத் துடுப்பு வடிவம் என்போம். அடைப்பு இருப்பதன் அடையாளம் அது. வாயால் மூச்சு விட்டாலும், மூக்கில் ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தாலும் எண் இன்னும் குறையும். மாஸ்க்கை எடுத்த இடைவேளைகளில் மட்டும் வைத்தார்கள் என்றீர்கள். பைபாப் ஓடும்போது வெளியிலிருந்து வரும் காற்று கலந்து அளவைக் கெடுத்துவிடும் என்று தெரிந்தே அப்படிச் செய்திருப்பார்கள்.

பிறகு அந்தக் கருவி எதற்கு? மூச்சு நின்றால் அலை அந்த நொடியே படுத்துவிடும். கூடுதல் ஆக்சிஜன் ஓடும் நோயாளியிடம் ஆக்ஸிமீட்டர் அதைச் சொல்லப் பல நிமிடங்கள் ஆகலாம். செயற்கை சுவாசக் குழாய் சரியாக மூச்சுக் குழலுக்குள்தான் போயிருக்கிறதா என்பதை உறுதி செய்ய இதைவிட நம்பகமான வழி குறைவு. அறுவைக் கூடங்களில் மயக்க மருத்துவர்கள் இதன் மேல் ஒரு கண் வைத்தபடியேதான் வேலை செய்கிறார்கள். எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்ற போக்கைப் பார்க்கவும் உதவும். ஆனால் அப்பா போன்ற ஒருவரிடம் 'இப்போது கரியமில வாயு சரியாக எவ்வளவு?' என்று தெரிய வேண்டுமென்றால் ரத்தம்தான் எடுத்தாக வேண்டும். ஐ.சி.யூ. மருத்துவர்கள் 46ஐ நம்பாமல் 64ஐ வைத்து முடிவெடுத்தார்கள். நீங்கள் சந்தேகப்பட்ட இடத்தில்தான் அவர்கள் கவனமாக இருந்திருக்கிறார்கள்.

வாங்கவா, வேண்டாமா?

வேண்டாம். காரணம் மேலே சொன்னதுதான்: அது அப்பாவின் எண்ணைக் குறைத்தே காட்டும். ஆக்ஸிமீட்டரின் 96ஐப் பார்த்து நிம்மதியானது போல இதன் 46ஐப் பார்த்தும் நிம்மதியாவீர்கள். பழைய கருவி என்றால் கடைசியாக எப்போது அளவுதிருத்தம் செய்தார்கள் என்பது தெரியாது. உறிஞ்சும் குழாயில் ஈரம் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். மாற்றுக் குழாயும் வடிகட்டியும் அந்த மாடலுக்குக் கிடைக்குமா என்பது அடுத்த தலைவலி. கழுத்தில் துளையிட்டு வீட்டில் வென்டிலேட்டரில் இருக்கும் சிலருக்குப் பயிற்சியோடு இக்கருவி தரப்படுவதுண்டு. அது வேறு நிலைமை.

தோலின் மேல் ஒட்டி அளக்கும் சென்சார் ஒன்றும் இருக்கிறது. தோலை 42 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, அதன் வழியே கசியும் கரியமில வாயுவை அளக்கும். இரவு முழுக்கப் போக்கைப் பார்க்க நல்ல கருவி. தூக்க ஆய்வகங்களிலும், வீட்டு வென்டிலேட்டர் நோயாளிகளைக் கவனிக்கும் மையங்களிலும் இதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அளவு மெல்ல மெல்ல நழுவும், இடம் மாற்றாமல் விட்டால் தோல் புண்ணாகும். சொந்தமாக வாங்காமல், ஓர் இரவுப் பரிசோதனையாகக் கிடைக்குமா என்று கேளுங்கள்.

இந்தப் பணத்தை வைத்து நான் செய்யச் சொல்வது, மறுபடி ஒரு தமனி ரத்தப் பரிசோதனை. டிஸ்சார்ஜுக்குப் பிறகு எடுத்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. தீவிர நிலை அடங்கி 2 முதல் 4 வாரம் கழித்தும் கரியமில வாயு 53க்கு மேல் நிற்பவர்களுக்கு வீட்டில் இரவு பைபாப் கொடுத்தால், மறுபடி மருத்துவமனைக்கு வருவதோ மரணமோ தள்ளிப்போகிறது என்று 2017இல் பிரிட்டனில் ஓர் ஆய்வு காட்டியது. ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களுக்கு அந்த இடைவெளி 1.4 மாதம், பைபாப்பும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 4.3 மாதம். இரண்டு மாதம் ஆகிவிட்ட அப்பாவின் எண் இப்போது எங்கே நிற்கிறது என்று தெரியாமல், பைபாப் அழுத்தம் போதுமா, தேவையா என்று யாரும் சொல்ல முடியாது. பைபாப் இயந்திரத்துக்குள்ளேயே பதிவு இருக்கும்: எத்தனை மணி நேரம் போட்டார், எவ்வளவு காற்று கசிந்தது, ஒவ்வொரு மூச்சின் அளவு என்ன. அந்த நினைவு அட்டையை அடுத்த சந்திப்புக்கு எடுத்துப்போங்கள். பல குடும்பங்கள் இயந்திரத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகின்றன.

வீட்டில் எதைப் பார்ப்பது?

மீட்டரைத் தூக்கிப் போட வேண்டாம், அதற்கு ஏற்ற இடத்தில் வையுங்கள். கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்கி, நகச் சாயம் இல்லாத விரலில் மாட்டி, எண் நிலைத்து நிற்கும் வரை அரை நிமிடமாவது காத்திருங்கள். நல்ல மீட்டரிலேயே 2, 3 புள்ளி முன்பின் இருக்கும். 88ஐப் பார்த்துப் பதறுவதும் 90ஐப் பார்த்துச் சிரிப்பதும் ஒரே எண்ணுக்காக இருக்கலாம். கருமையான தோலில் இந்தக் கருவி ஆக்சிஜனை உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். அமெரிக்காவில் 2020இல் வெளியான ஆய்வில், மீட்டர் கண்டுபிடிக்கத் தவறிய ஆக்சிஜன் குறைபாடு, கறுப்பின நோயாளிகளிடம் வெள்ளையர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது. நம்மில் பலருக்கும் இது பொருந்தும் என்பதால் வீட்டு மீட்டரை ஒருமுறை ரத்த வாயுப் பரிசோதனை நடக்கும் அதே நேரத்தில் மாட்டி, இரண்டையும் ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கைக்கடிகாரத்தில் வரும் ஆக்சிஜன் எண்ணைத் தம்பி ஆதாரமாகக் காட்டியதாக எழுதியிருந்தீர்கள். அதை வைத்து ஆக்சிஜனைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

மூச்சை எண்ணுவதை யாரும் செய்வதில்லை. எனக்கு இது தீராத குறை. பெரியவர்களுக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 12 முதல் 20. அவருக்குத் தெரியாமல் எண்ணுங்கள், தெரிந்தால் மாற்றி விடுவார். முழு நிமிடமும் எண்ணுங்கள். நன்றாக இருக்கும் நாட்களில் அவருடைய வழக்கமான எண் என்ன என்று குறித்து வைத்தால்தான், மோசமான நாளில் ஒப்பிட முடியும். கூடவே தெளிவாகப் பேசுகிறாரா, பகலில் கேள்வி கேட்கும்போதே கண் சொருகுகிறதா, காலையில் தலைவலியா, கால் வீங்குகிறதா என்றும் பாருங்கள். தூக்க மாத்திரையோ கோடின் கலந்த இருமல் மருந்தோ அவருடைய மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். இரண்டுமே மூச்சை மந்தமாக்கும்.

எண் 88க்குக் கீழே போனால் என்ன செய்வது என்ற கேள்வி உங்களுக்கு வரும். முதலில் மீட்டரையும் குழாய் இணைப்பையும் கான்சன்ட்ரேட்டர் வடிகட்டியையும் பாருங்கள். வடிகட்டி தூசியால் அடைத்தாலோ இயந்திரம் தேய்ந்தாலோ, வரவேண்டிய 90 சதவீதத்துக்கு மேற்பட்ட தூய ஆக்சிஜன் வராது. எல்லாம் சரியாக இருந்தும் எண் குறைவு என்றால், எத்தனை லிட்டர் வரை ஏற்றலாம் என்பதை மருத்துவர் முன்கூட்டியே எழுதித் தந்திருக்க வேண்டும். அந்த வரம்பைத் தொட்டும் 88 எட்டவில்லை என்றால் வீட்டில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டாம். போகும் வழியில் ஆக்சிஜனை முழுதாகத் திறந்துவிடவும் வேண்டாம்.

இதற்கென்றே ஆக்சிஜன் எச்சரிக்கை அட்டை என்று ஒன்று உண்டு. மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். இலக்கு 88–92 என்பது, முன்பு கரியமில வாயு 82க்கு ஏறி பைபாப் தேவைப்பட்டது, ஆக்சிஜன் சதவீதத்தை நிலையாக வைக்கும் வென்ச்சுரி மாஸ்க்கில் எது போட வேண்டும் (பெரும்பாலும் 24 அல்லது 28 சதவீதம்), நெபுலைசரை ஆக்சிஜனால் இல்லாமல் காற்றால் ஓட்டும்படி ஒரு வரி. இவ்வளவு போதும். ஒன்று அப்பாவின் சட்டைப் பையில், ஒன்று உங்கள் கைபேசியில் படமாக.

மாஸ்க்கைப் பிடுங்கிப் போடுவது பற்றி. 'மூச்சு முட்டுகிறது' என்று அவர் சொல்வதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அளவு பொருந்தாத மாஸ்க்கிலிருந்து காற்று கண்ணுக்குள் அடித்தாலும், மூக்குத் தண்டில் புண் வந்தாலும், தொண்டை வறண்டாலும், இயந்திரம் அவருடைய மூச்சோடு ஒத்துப்போகாமல் இழுத்தாலும் யாரும் கழற்றத்தான் செய்வார்கள். நாலும் சரிசெய்யக்கூடியவை: மாஸ்க் மாற்றலாம், ஈரப்பதக் கருவி சேர்க்கலாம், அழுத்தத்தை மெல்ல ஏறும்படி வைக்கலாம். பகலில் அவர் விழித்திருக்கும்போது, உட்கார்ந்த நிலையில், அரை மணி நேரம் போட்டுப் பழகட்டும். இரவு தானாக எளிதாகும். இரவில் கழற்றியிருப்பதைக் கண்டால் எழுப்பி மறுபடி மாட்டுங்கள். மறுக்கிறார் என்றால் அன்றிரவு அவருடைய வழக்கமான 1 லிட்டரோடு விட்டுவிடுங்கள், மாஸ்க் இல்லாததை ஈடுகட்ட ஆக்சிஜனை ஏற்றாதீர்கள். அவரை எழுப்பவே முடியவில்லை என்றால் மாஸ்க்கோடு போராடிக்கொண்டிருக்காமல் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.